பிக்கப் பாடிக்கு எந்த லைனர்? கேரள எல்லையோர வண்டிக்காரர்களுக்கான கேள்வி பதில்

களியக்காவிளையில் தொடங்கி செங்கோட்டை, குமுளி, கோபாலபுரம், வாளையார் வரை எல்லை தாண்டி ஓடும் சின்ன வண்டிகளில் ஒரே வாரத்தில் மீன் ஏறும், தேங்காய் ஏறும், மறுநாள் சிமென்ட் மூட்டை ஏறும். குமரிப் பக்கம் போனால் ரப்பர் பாலும் சேரும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் நனைக்கிற ஊர்களில் பாடித் தரை மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் துருவேறுகிறது. பாடித் தரையையும் பக்கங்களையும் மூடிக் காக்கும் லைனர் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

லைனர் போடாமல் ஓட்டினால் என்ன? கம்பெனியே பெயின்ட் அடித்துத்தானே தருகிறது?

அந்தப் பெயின்டின் கனம் சுமார் 0.1 மி.மீ. மீன் பெட்டியின் மூலையோ கம்பிக்கட்டோ ஒரு தடவை இழுபட்டால் கீழே தகடு தெரிந்துவிடும். கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் துரு பெயின்டுக்கு அடியிலேயே பரவும். மேலே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலத்துக்குப் போயிருக்கும்.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தப்பாகப் போட்ட லைனர், லைனரே இல்லாததைவிட மோசம். வெறும் தரையில் பட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும். லைனருக்கு அடியில் போன தண்ணீர் நாள்கணக்கில் கிடக்கும். அதனால் எந்த வகையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, “இதற்கு அடியில் தண்ணீர் போகுமா, போனால் எந்த வழியாக வெளியே வரும்?” என்பதுதான். விலை அதற்கு அப்புறம்.

சந்தையில் என்னென்ன கிடைக்கிறது?

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டி, ரப்பர் மேட், பழைய கன்வேயர் பெல்ட், தட்டையான எச்.டி.பி.இ. ஷீட் (கெட்டிப் பிளாஸ்டிக்), இரும்பு அல்லது அலுமினிய செக்கர் பிளேட் (மேல்பக்கம் மேடு மேடாக வரி போட்ட தகடு), பிளைவுட், பிறகு தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும் ஸ்ப்ரே பூச்சு. ஸ்ப்ரேயிலும் இரண்டு தினுசு. ஒன்று பெரிய இயந்திரத்தில் சூடாக்கி அடிக்கும் பாலியூரியா. மற்றது சாதாரண கம்ப்ரஸரில் அடிக்கும் பாட்டில் கிட்.

என் சரக்குக்கு எது பொருந்தும்?

மீன்தான் முக்கியத் தொழில் என்றால் ஸ்ப்ரே பூச்சு. குளச்சலிலிருந்தோ தேங்காய்ப்பட்டணத்திலிருந்தோ ஐஸ் போட்ட பெட்டி ஏற்றினால் வழி நெடுக உப்புத் தண்ணீர் சொட்டும். மேட், பிளேட் எதுவாக இருந்தாலும் ஓரத்து இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் அடியில் போய்விடும். ஸ்ப்ரேயில் இடுக்கே இல்லை. தரை, பக்கம், முன்தகடு மூன்றும் ஒரே தோலாக மாறிவிடும்.

ரப்பர் பால், ஒட்டுப்பால், ஷீட் ஏற்றும் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வண்டிகளுக்குக் கதை வேறு. சிந்திய பால் காய்ந்து படலமாகும். சொரசொரப்பான ஸ்ப்ரே பூச்சின் குழிகளுக்குள் அது இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மேட்டில் சிந்தினால் ரப்பரோடு ரப்பர் ஒட்டி, பிரிப்பதே பெரும்பாடு. வழுவழுப்பான எச்.டி.பி.இ. ஷீட்டில் மட்டும்தான் கையால் உரித்து எடுக்கலாம். பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலக் கேனும் அதே வண்டியில் ஏறும் என்றால் இன்னொரு காரணமும் சேர்கிறது: அந்த அமிலம் வெறும் இரும்பை அரிக்கும், கால்வனைஸ் தகட்டின் துத்தநாகத்தையும் கரைக்கும். எச்.டி.பி.இ. அதைத் தாங்கும்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி கிரேட், தோவாளைப் பூக்கூடை, டைல்ஸ், மரச்சாமான் போன்றவற்றுக்கு ரப்பர் மேட். இங்கே பிரச்சினை தரை தேய்வதல்ல, சரக்கு வழுக்குவது. மலைப்பாதை வளைவில் கிரேட் அடுக்கு ஒரு பக்கம் ஓடாமல் ரப்பர் பிடித்துக்கொள்ளும்.

கருங்கல், எம்-சாண்ட், கம்பி, பழைய இரும்பு: செக்கர் பிளேட். கல் மேலிருந்து விழும் அடியை எந்தப் பூச்சும் நெடுநாள் தாங்காது. மேட்டும் கிழியும்.

தேங்காய்க்கும் நாருக்கும் தரையில் பெரிதாக எதுவும் வேண்டாம். பொள்ளாச்சி வண்டிகளில் கீறல் விழுவது பெரும்பாலும் பக்கத் தகட்டில்தான். ஈர மட்டை ஏற்றுவோர் மட்டும் கவனிக்க வேண்டும். மட்டைச் சாறு இரும்பில் பட்டால் கரும் கறை விழும், கீறல் இருந்தால் துருவும் பிடிக்கும்.

எல்லாமே கலந்து ஏற்றுவோருக்கு எங்கள் யோசனை: தரைக்கும் பக்கத்துக்கும் ஸ்ப்ரே, அதன்மேல் கழற்றக்கூடிய 6 மி.மீ. ரப்பர் மேட். மீன் ஏற்றும் நாளில் மேட்டை உருவி வீட்டில் போட்டுவிட்டுப் போகலாம்.

வி-கிராஸ், ஹைலக்ஸ் வண்டிகளில் பார்க்கும் வார்த்த தொட்டி டாடா ஏஸுக்கும் மஹிந்திரா பொலிரோவுக்கும் கிடைக்குமா?

அந்தத் தொட்டி, பக்கங்கள் நிலையாக நிற்கும் பாடிக்காக அச்செடுத்தது. பக்கக் கதவும் மடங்கித் திறக்கும் சரக்கு வண்டியில் அது பொருந்தவே பொருந்தாது. வேறு வண்டிக்கானதை வெட்டிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டிய விளிம்பு ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து பெயின்டை உரசி எடுத்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

வி-கிராஸ் போன்ற வண்டியில் போடுவதானாலும், போடும் முன் தொட்டி தகட்டைத் தொடும் மேடுகளில் பிசின் நாடா ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி அடியில் கிடக்கும் மணலைக் கழுவுங்கள். மணல் உள்ளே கிடந்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும்.

ரப்பர் மேட் எத்தனை மி.மீ. வாங்க வேண்டும்?

கிரேட், மூட்டை, வீட்டுச் சாமானுக்கு 6 மி.மீ. போதும். டிரம், மோட்டார், இயந்திர உதிரிபாகம் என்றால் 8 அல்லது 10. அதற்கு மேல் போனால் கனத்தைத்தான் சுமக்கிறீர்கள்.

கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. மேட் ஒரு சதுர மீட்டருக்கு 8 முதல் 9 கிலோ வரும். ஏஸ் தரை சுமார் 2.2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், அதாவது 3.3 சதுர மீட்டர். ஆக மேட் மட்டும் 27 முதல் 30 கிலோ. பெரிய பொலிரோ பிக்கப்பில் தரை ஏறக்குறைய 4.7 சதுர மீட்டர். அதில் 6 மி.மீ. போட்டால் 40 கிலோ, 10 மி.மீ. போட்டால் 65 கிலோவைத் தாண்டும். ஒரே துண்டாக வாங்கினால் கழுவுவதற்குத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நீளவாக்கில் இரண்டு துண்டாக வாங்கினால் ஒருவரே சுருட்டிவிடலாம். இணைப்பு, வண்டியின் நீளத்தை ஒட்டியே போக வேண்டும். குறுக்கே போனால் சாமான் இழுக்கும்போது விளிம்பு மடிந்து தூக்கும்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோடு கோடாகக் காடி இருக்கிற மேட்டை, காடி பின்கதவு பக்கம் பார்த்தபடி விரித்தால் தண்ணீர் தானாக வடியும். இரண்டு பக்கமும் வழுவழுப்பான மேட் தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ரப்பர் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இயற்கை ரப்பர் கிழியாது, நன்றாக இழுபடும். ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் ஊறிப் பெருக்கும், மிருதுவாகி நொறுங்கும். எண்ணெய் டின், டீசல் கேன், பழைய கியர்பாக்ஸ் ஏற்றுபவர்கள் நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். மறுசுழற்சித் தூளை அழுத்தித் தயாரித்த மேட் விலை குறைவு. விரல் நகத்தால் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள், குருணையாக உதிர்ந்தால் ஒரு மழைக்காலம் தாங்குவதே அதிகம்.

பழைய கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

போடலாம், நன்றாகவே உழைக்கும். 10 மி.மீ. பெல்ட் கல் அடியைக்கூட ஓரளவு தாங்கும். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் துணி அடுக்கு தெரியும். அது விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோலத் தண்ணீரை உறிஞ்சி, பெல்ட் முழுக்க ஈரத்தைக் கொண்டுபோகும். அந்த ஓரத்தை பாலியூரிதேன் சீலன்ட் தடவி மூட வேண்டும். இரண்டாவது, இரும்புக் கம்பி வைத்த பெல்ட் வேண்டாம். வெட்டிய இடத்தில் கம்பி துருப்பிடிக்கும், நீட்டிக்கொண்டு கையைக் கிழிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் கம்பி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சுருட்டி வைத்த பெல்ட்டை ஒரு நாள் வெயிலில் விரித்துப் போட்டு, அதன்மேல் கனம் வைத்து நிமிர்த்திய பிறகே அளந்து வெட்டுங்கள்.

பாலியூரியாவுக்கும் பாட்டில் கிட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் கறுப்பாகத்தானே இருக்கிறது?

பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும், வேலையில் இல்லை. பாலியூரியாவில் இரண்டு திரவம், சரிக்குச் சரி அளவில், தனித்தனிக் குழாயில் 65 முதல் 75 டிகிரி வரை சூடாகி, 2000 பி.எஸ்.ஐ.க்கு மேல் அழுத்தத்தில் துப்பாக்கி முனையில் கலக்கும். தகட்டில் பட்ட சில விநாடிகளில் இறுகிவிடும். அதனால் ஒரே தடவையில் 2, 3 மி.மீ. கனம் ஏற்றலாம், பக்கத் தகட்டில் வழியாது. அந்த இயந்திரம் விலை அதிகம். மலையோரச் சின்னப் பட்டறைகளில் இருக்காது, பெரிய நகரத்துக்குத்தான் போக வேண்டும்.

கிட்டில் 750 மி.லி. நிறப்பொருள் உள்ள பாட்டிலில் 250 மி.லி. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) ஊற்றிக் குலுக்கி அடிப்பது வழக்கம், அதாவது 3-க்கு 1. கரைப்பான் ஆவியாகிப் போக வேண்டியிருப்பதால் ஒரு கோட்டில் கனமாக அடிக்க முடியாது. பூச்சு மெல்லியது, ஆனாலும் சாதாரணப் பெயின்டைவிடப் பல மடங்கு உழைக்கும். சொந்தமாக அடித்துக்கொள்ளலாம் என்பதும், கீறினால் அதே பொருளை வாங்கித் திருத்தலாம் என்பதும் அதன் பலம்.

மலிவான பாலியூரியா வெயிலில் நிறம் வெளுத்து மேலே மாவாகப் படியும். பலம் குறையாது, அழகு போகும். வெளுக்காத வகையை அலிஃபாட்டிக் என்பார்கள், விலை கூடுதல். சரக்கு வண்டிக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது எங்கள் கருத்து.

“2 மி.மீ. அடித்துத் தருகிறேன்” என்கிறார் பட்டறைக்காரர். நம்புவது எப்படி?

லிட்டர் கணக்கைக் கேளுங்கள். பொய் சொல்ல முடியாத கணக்கு அது.

கரைப்பானே இல்லாத பாலியூரியாவில் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் போனால் 1 மி.மீ. கனம் வரும். ஏஸ் தரை 3.3 சதுர மீட்டர். ஒரு அடி உயரப் பக்கங்கள் நாலையும் சேர்த்தால் இன்னும் 2.2. ஆக மொத்தம் 5.5 சதுர மீட்டர். 2 மி.மீ. வேண்டுமென்றால் 11 லிட்டர். தெறிப்பு, வீண் சேர்த்து 12 முதல் 13 லிட்டர் ஆக வேண்டும். பொலிரோவுக்குப் பக்க உயரத்தைப் பொறுத்து 8 சதுர மீட்டரை ஒட்டி வரும், அதற்கு 18 லிட்டர்.

இப்போது நாலு பாட்டில் கிட்டைப் பாருங்கள். கலந்தால் 4 லிட்டர். 5.5 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக 0.7 மி.மீ. அதில் திடப்பொருள் 60 விழுக்காடு என்று வைத்தால் காய்ந்தபின் 0.4 மி.மீ. சொச்சம். கிட்டை வைத்துக்கொண்டு 2 மி.மீ. என்று சொல்பவர் உங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பெயின்ட் கனம் பார்க்கும் காந்த மீட்டர், பழைய கார் வாங்கி விற்பவர்களிடம் இருக்கும். இரவல் வாங்கி ஐந்தாறு இடத்தில், முக்கியமாக மூலைகளிலும் பக்கத் தகட்டின் மேல்விளிம்பிலும் வைத்துப் பாருங்கள். அங்கேதான் மெலிந்திருக்கும். இரண்டு மி.மீ.க்கு மேல் அளக்கும் மீட்டரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பல மலிவு மீட்டர்கள் அதற்குள்ளேயே நின்றுவிடும்.

கிட் வாங்கி நாங்களே அடிக்கிறோம். எப்படிச் செய்வது?

வேலையில் முக்கால்வாசி அடிப்பதற்கு முந்தியது. பின்கதவைக் கழற்றுங்கள், கொக்கிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவி, உப்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மீன் வண்டி என்றால் இரண்டு தடவை. காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் ஒரு திசையில் துடையுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். எண்ணெய்ப் பசை இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் பசையைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றியதாகும். அதனால் துடைத்த பிறகே 80 நம்பர் உப்புத்தாள். பளபளப்பு ஒரு பொட்டு இடத்திலும் மிஞ்சக் கூடாது. உப்புத்தாள் போகாத மூலையில் கம்பி பிரஷ்.

தகடு தெரிகிற இடமெல்லாம் எபாக்ஸி பிரைமர். பட்டறையில் கைக்குக் கிடைக்கும் சாதா ரெட் ஆக்சைடு மேல் அடிக்காதீர்கள். கிட்டில் உள்ள கரைப்பான் அதைக் கிளப்பிச் சுருக்கிவிடும், பிறகு எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதுதான். தகட்டு இணைப்புகளில் பாலியூரிதேன் சீலன்ட் இழுத்து விரலால் அமுக்குங்கள். தண்ணீர் வடியும் துளைகளில் துணியோ கார்க்கோ செருகுங்கள். பூச்சு அடித்துத் துளையை அடைப்பதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு.

முதல் கோட் மெல்லிசாக, ஒட்டுவதற்கு. ஒரு மணி நேரம் போல விட்டு இரண்டாவது கோட் கனமாக. கலந்த பாட்டிலை அந்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், அதனால் நாலையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். காற்றழுத்தம் கூடினால் மணி மணியாக நைசாக விழும், குறைந்தால் பெரிய புள்ளியாக விழும். பழைய தகட்டில் ஒரு அடி அடித்துப் பார்த்துவிட்டு வண்டிக்கு வாருங்கள். ஒரு நாளில் கை வைக்கலாம். பாரம் ஏற்ற ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இந்த ஒரு வாரம்தான் யாருக்கும் பொறுமை இல்லாத இடம், மூன்றாம் நாளே லோடு ஏற்றி மூட்டை அச்சு விழுந்த பூச்சுகள் ஏராளம்.

ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த தடவை கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் இதற்கு ஆகாது. வெளிக்காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறையில் விட்டுவிடுங்கள்.

ஜூலை மழையில் வண்டி சும்மா நிற்கிறது. அப்போதே அடித்துவிடலாமா?

வேண்டாம். ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும். பாட்டில் கிட் பாலியூரிதேன் வகை, ஈரக் காற்றில் அடித்தால் அந்தப் பூச்சுக்குள் குமிழ் குமிழாக நிற்பது அந்த வாயுதான். பாலியூரியா வேகமாக இறுகுவதால் அந்தக் குமிழ் தொல்லை குறைவு. ஆனால் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரம் இரண்டையுமே ஒட்ட விடாது.

தகட்டின் சூடு, காற்றின் ஈரம் பனியாக இறங்கும் நிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் எங்கும் உள்ள விதி. காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் பனி இறங்கும் நிலை 25 டிகிரி. தகடு 28 இருந்தாக வேண்டும். அடைமழை நாளில் கூரைக்கடியில் நிற்கும் வண்டிக்கு அது கிடைக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். காலை பத்து மணிக்கு மேல், தகடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆரம்பிக்கலாம். தகடு கொதிக்கும் உச்சி வெயிலும் ஆகாது.

பாடியில் ஏற்கெனவே துரு இருக்கிறது. மேலே அடித்தால் மறைந்துவிடும்தானே?

மறையும், நிற்காது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த இடத்தை டிங்கர் வெட்டி எடுத்துத் தகடு வைக்க வேண்டும். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, கழுவிக் காயவைத்து, எபாக்ஸி பிரைமர்.

தரையின் அடிப்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிகளில் துரு பெரும்பாலும் கீழிருந்துதான், குறுக்குச் சட்டம் தகட்டைத் தொடுகிற இடத்தில் தொடங்குகிறது. மேலே எவ்வளவு செலவழித்தாலும் அது கேட்காது. அடியில் மெழுகுப் பூச்சு அடிப்பது தனி வேலை, லைனர் செலவில் சிறு பங்குதான்.

செக்கர் பிளேட்: இரும்பா, அலுமினியமா?

3 மி.மீ. இரும்பு செக்கர் பிளேட் சதுர மீட்டருக்கு 25 கிலோவைத் தாண்டும். பொலிரோ தரைக்கு 120 கிலோ. ஏஸுக்கு 84 கிலோ. 750 கிலோ ஏற்றும் வண்டியில் இது ஒன்பதில் ஒரு பங்கு. கல், இரும்பு அல்லாத வேறு எதற்கும் இந்தக் கனம் வீண்.

அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம் போல வேலை செய்து அலுமினியம் கரையும். வெள்ளை மாவு பூப்பது அதன் அடையாளம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஷீட், போல்ட்டுக்கு நைலான் வாஷர் வைத்தால் தப்பிக்கலாம். மீன் வண்டியில் இரண்டுமே வேண்டாம்.

எதைப் போட்டாலும் வெல்டு வைக்காதீர்கள், போல்ட் போடுங்கள். வெல்டு சூட்டில் அடித்தகட்டுப் பெயின்ட் கருகிப் போகும். அதன்மேல் பிளேட் மூடியிருப்பதால் திருப்பி அடிக்கவும் வழியில்லை. வரிப்பள்ளம் உள்ள தரை என்றால் பள்ளங்களின் பின்முனை திறந்தே இருக்கட்டும்.

பிளைவுட்?

சிமென்ட், உரம், அரிசி மூட்டைக்கு நல்லது, வரிப்பள்ள விளிம்பில் சாக்கு கிழியாது. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 12 மி.மீ. வாங்குங்கள். 8-க்கு 4 அடி பலகையிலிருந்து ஏஸ் தரைக்கு ஒன்று போக ஒரு பட்டை துண்டு சேர்க்க வேண்டியிருக்கும். வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் எபாக்ஸி இரண்டு கை. பிளை உப்புவது எப்போதும் ஓரத்திலிருந்துதான். சென்ட்ரிங் வேலைக்கான பளபளப்புத் தாள் ஒட்டிய பலகை நனைந்தால் வழுக்கும். குமரிப் பக்கம் வள்ளம் செய்யும் அயினிப் பலகை துண்டுகள் கிடைத்தால் அதுவும் உழைக்கும், விலைதான் கட்டுப்படியாகாது.

எச்.டி.பி.இ. ஷீட் போட்டேன், வெயிலில் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கிறது. ஏன்?

நாலு பக்கமும் இறுக்கி போல்ட் போட்டதால். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் நிறையவே நீளும். 2.2 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 மி.மீ. நீளும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். முன்பக்கம் மட்டும் வட்டத் துளை, மற்ற இடங்களில் நீளவாக்குத் துளை, அகல வாஷர். போல்ட்டை முடுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். 5 மி.மீ. கறுப்பு ஷீட் வாங்குங்கள். அந்தக் கறுப்பில் உள்ள கரித்தூள்தான் வெயிலைத் தாங்க வைக்கிறது, வெள்ளையும் நீலமும் சீக்கிரம் வெடிக்கும். ஈரத்தில் வழுக்கும் என்பதால் கேன்களைக் கயிறு போட்டுக் கட்டாமல் கிளம்பக் கூடாது.

தரையில் துளை போடலாமா?

முடிந்தவரை இருக்கிற போல்ட்டையே பயன்படுத்துங்கள். மேட்டுக்கு முன்பக்கம் ஒரு பட்டை வைத்துப் பிடித்தாலே போதும். போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் பிரேக் குழாய், ஒயர், டீசல் டேங்க் எங்கே போகிறது என்று படுத்துப் பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். துளையின் உள்விளிம்பில் ஜிங்க் பிரைமர் தொட்டு வைத்து, சீலன்ட்டோடு போல்ட்டை இறக்க வேண்டும். இரும்புத் தூளை உடனே ஊதித் தள்ளுங்கள், ஒரு மழை பட்டால் தூள் விழுந்த இடமெல்லாம் துருப் புள்ளி. புது வண்டி என்றால் உத்தரவாதச் சீட்டில் துளை, வெல்டு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

லைனர் போட்டால் ஆர்.டி.ஓ., எப்.சி. (தகுதிச் சான்று) பிரச்சினை வருமா?

மேட், பூச்சு போன்றவை வண்டியின் அமைப்பை மாற்றுவதில்லை. பக்கப் பலகையை உயர்த்துவது, பாடியை நீட்டுவது வேறு விஷயம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. லைனரில் பார்க்க வேண்டியது எடை. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் லைனரும் அடக்கம். 120 கிலோ பிளேட் போட்டவர் 120 கிலோ சரக்கைக் குறைத்து ஏற்ற வேண்டும். அதிகப் பாரத்துக்கு 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைத்திருக்கிறது. லைனர் போட்டதும் காலி வண்டியை ஒரு முறை எடை மேடையில் ஏற்றி, சீட்டை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டீசல், பெட்ரோல் கேனை வண்டியில் வைத்தபடியே நிரப்பலாமா?

கூடாது. பிளாஸ்டிக், ரப்பர், ஸ்ப்ரே எல்லாமே மின்சாரம் கடத்தாதவை. கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பம்ப் முனைக்குப் பொறியாகத் தாவும். கேனை இறக்கித் தரையில் வைத்து, முனை கேனைத் தொட்டபடியே நிரப்ப வேண்டும்.

மீன் லோடு இறக்கியபின் எப்படிக் கழுவுவது?

அன்றைக்கே, நல்ல தண்ணீரில். முன்பக்கம் மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்தி முன்தகட்டிலிருந்து பின்கதவு நோக்கி அலசுங்கள். பின்கதவுக் கீல், கொக்கிக் குழி, அடிச்சட்டம் மூன்றையும் தனியாகக் குழாய் காட்டிக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் முனையைப் பூச்சின் விளிம்பில் நேராகக் காட்டினால் அது தோலை உரிப்பதுபோல் கிளப்பிவிடும். ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். மேட் போட்டவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை, மற்ற நாளில் மாதம் ஒரு தடவை தூக்கிக் காயவைத்தே ஆக வேண்டும்.

ஸ்ப்ரே பூச்சு ஒரு இடத்தில் கிழிந்துவிட்டது. முழுவதும் திருப்பி அடிக்க வேண்டுமா?

வேண்டாம். கிழிசலைச் சுற்றி ஒட்டாமல் தொங்கும் பகுதியைப் பிளேடால் நறுக்கி எடுங்கள், நன்றாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை. தகட்டில் துரு இருந்தால் அதை முடித்து, பிரைமர் தொட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலம் 80 நம்பர் தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, கிட் பொருளைத் தூரிகையால் இரண்டு மூன்று கை பூசலாம். பாலியூரியா மேலேயும் தேய்த்த இடத்தில் அது ஒட்டும். நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும்.

கையளவு பட்டையாகத் தானே உரிந்து வந்தால் அது கிழிசல் அல்ல, அடியில் செய்த வேலை சரியில்லை. உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பளபளவென்று கம்பெனிப் பெயின்ட் அச்சு இருந்தால் உப்புத்தாளே போடவில்லை. செம்மண் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தால் துருவின்மேல் அடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு அடித்த பட்டறைக்கே போங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன், பாடியில் புத்தம்புது மேட் விரித்திருக்கிறது.

தூக்கிப் பாருங்கள். தூக்க விடவில்லை என்றால் அடியில் என்ன இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம். புது ஸ்ப்ரே பூச்சு என்றால் தூக்க முடியாது. அப்போது சுத்தியல் கட்டையால் தரை முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், துருத்தின்ற இடம் மொத்தையாகக் கேட்கும். பிறகு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து அதே இடங்களைக் கீழிருந்து பாருங்கள்.